எழுதியவர், பதிந்தவர்

திருத்துறைப்பூண்டி, ரயிலடிக்குப் போகும் தெரு,
நகைக்கடன் நிதி ஒன்றின் மாடி.
ஏசி சர்வருக்கு. எனக்கு மின்விசிறி.

மொழியின் பெயர் கோபால்.
மேனேஜர் கலியபெருமாள் வெகுநாள்
அதை ஓர் ஆளென்றே நம்பியிருந்தார்:
"வட்டி தப்பா வருதே, கோபால்கிட்ட கேட்டீங்களா?"

கேட்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

வட்டி1, வட்டி2, வட்டிபுதுசு,
வட்டிபுதுசு_பழசு,
வட்டி_இதுதான்,
வட்டி_இதுதான்_தொடாதே.

ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம் இட்டால்
அந்த வரி உறங்கிவிடும்.
இங்கே யாரும் எதையும் அழித்ததில்லை,
உறங்க வைத்தார்கள்.
எழுபத்து மூன்றாம் கட்டத்திலிருந்து,
இயந்திரம் படிக்காத ஓரத்தில்,
முதலெழுத்துகளை விட்டுப் போனார்கள்
வரப்போரம் நட்ட கல் மாதிரி:
கே.ஜி. 91. எஸ்.எம். 97. ஐ.ஆர். 09.

நான் கிட் கொண்டுவந்தேன்.
யார், எப்போது, ஏன், எல்லாம் இனி பதிவாகும் என்றேன்.
"பேரேடு மாதிரி."
ஆமாம் சார், வெள்ளை மை பூச முடியாத பேரேடு.
கிளை பிரித்துக்கொள்ளலாம் என்றேன்.
"மூணாறு தலைப்புக்குக் கீழ பொறந்தவன்கிட்ட
கிளையைப் பத்தியா? பிரிஞ்சது
திரும்பச் சேருமா, அதச் சொல்லுங்க."
சேரும், சார்.
சில நேரம் முட்டிக்கொள்ளும்.

முதல் பதிவு ஒரு செவ்வாய் மாலை.
நாற்பத்தோராயிரம் வரி.
எந்த வரி யாருடையது என்று கேட்கும்
கட்டளை ஒன்று உண்டு. அடித்துப் பார்த்தேன்.
என் பெயர். என் பெயர். திரை நெடுக என் பெயர்.
நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது
எவரோ போட்ட வட்டிக்கும் நானே பொறுப்பு.

மறுநாள் அதிலிருந்தே கம்பைல் செய்து ஓட்டினேன்.
பதினொன்றே காலுக்கு, எப்போதும் போனில் பேசுகிற
நூருன்னிஷா படியேறி வந்தாள், கையில் ரசீது.
"இடும்பாவனத்துக்காரங்க சங்கிலி.
கஜா அடிச்ச வருஷத்துக் கடன், மூணு வருஷமா மீட்கல.
அந்த ஆறு மாசத்துக்கு வட்டி கெடையாது.
இன்னிக்கு போடுது."

தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை,
உறங்குகிறவற்றிலும்.
ஓடிக்கொண்டிருந்தது ஒன்று.
நாங்கள் பூட்டி வைத்திருந்தது வேறொன்று.

சங்கிலிக்காரர் டீ குடித்து முடிப்பதற்குள்
பழையதைத் திருப்பி வைத்துவிட்டேன்.
கை நடுங்கியதை நூருன்னிஷா பார்த்தாள், சொல்லவில்லை.

இருதயராஜ் இப்போது ஷார்ஜாவில்.
இரவு பத்தரைக்குக் குரல் வந்தது,
பின்னால் குக்கர் விசில்:
"கரண்டே இல்ல அப்ப. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்,
என் லேப்டாப்புல மாத்தி, புரோகிராமை மட்டும் ஏத்தினேன்.
சோர்ஸத் திருப்பி வைக்கணும்னுதான் இருந்தேன்,
அதுக்குள்ள எங்க வீட்டு ஓடு..."

அதோடு நின்றது.
சற்றுப் பொறுத்து ஒரு கோப்பு.
பதினான்கு வரிகள், ஓரத்தில்
ஐ.ஆர். 1118.

கிட்டில் இரண்டு இடம் உண்டு:
எழுதியவர், பதிந்தவர்.
இருவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.
தேதிகளும் அப்படியே.
இத்தனை காலம் அதை வெறும் வசதி என்று நினைத்திருந்தேன்.

எழுதியவர்: இருதயராஜ், நவம்பர் 2018.
மணி தெரியவில்லை. ஜெனரேட்டர் என்றால் இரவுதான்,
பதினொன்று என்று வைத்தேன்.
பதிந்தவர்: நான்.
ஏன் என்ற இடத்தில்
நூருன்னிஷா சொன்னதை அப்படியே அடித்தேன்.

இனி ஓரங்களைப் படிக்க வேண்டும், ஒவ்வொன்றாக.
கே.ஜி. யாரென்று எவருக்கும் தெரியவில்லை.
கலியபெருமாள் சார் பரணிலிருந்து
தொண்ணூற்றொன்றாம் வருடச் சம்பளப் பட்டியலை
இறக்கச் சொல்லி, தூசி தட்டி, விரல் வைத்துப் படித்து,
கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சொல்லல?
கோபால்னு ஒருத்தர் இருந்திருக்கார்."